அட்டையா, ஓய்வா: ஆறாத கால் புண் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அவருக்கு 52 வயது. பரோட்டா மாஸ்டர். மாலை 4 மணிக்குக் கல்லுக்கு முன்னால் நின்றால் நள்ளிரவு தாண்டித்தான் நகர்வார். 28 வருடமாக அதே நிற்பு, அதே அனல். இடது காலில் முழங்காலுக்குக் கீழே, ஊர் வழக்கில் நரம்பு என்று சொல்லும் சிரை சுருட்டிக்கொண்டு கயிறு மாதிரி தெரியத் தொடங்கி 10 வருடத்துக்கு மேல் ஆகிறது. வலி இல்லை என்பதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே தோல் முதலில் கறுத்தது, அப்புறம் அரித்தது, ஒரு நாள் எண்ணெய் டின் உரசிக் கிழிந்தது. அந்தக் கீறல்தான் 14 மாதமாக ஆறாத புண்ணாக என்னிடம் வந்தது.

நான் தென்மாவட்டத்துச் சிறு ஊர் ஒன்றில் சித்த மருத்துவம் பார்ப்பவள். என்னிடம் வருவதற்கு முன் மருந்துக்கடை மாத்திரை, மஞ்சள் நிறக் களிம்பு, வேப்பெண்ணெய், ஒரு வாரம் காப்பித்தூள் என்று எல்லாவற்றையும் அவர் பார்த்துவிட்டார். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கூலி நாளுக்கு நாள் வருகிற வேலை. கடைக்குப் போகாத நாள் சம்பளம் இல்லாத நாள்.

என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் அவருடைய மச்சினன். மச்சினனுக்குக் காலில் இருந்த கரப்பான் என்ற நாள்பட்ட தோல் நோய்க்கு எங்கோ ரத்தம் உறிஞ்சும் அட்டை விட்டு அரிப்பு குறைந்ததாம். ஆகவே இவர் என்ன வைத்தியம் என்று என்னிடம் கேட்கவில்லை, முடிவு செய்துகொண்டே வந்தார்.

“டாக்டரம்மா, அட்டை விட்ருங்க. கெட்ட ரத்தம் எல்லாம் போயிட்டா புண்ணு தானா ஆறிடும்.”

முதல் நாள்

கட்டை அவிழ்த்ததும் நாற்றம் அறை முழுவதும் பரவியது. புண் 6 செ.மீ. நீளம், 4.5 செ.மீ. அகலம். அடியில் மஞ்சளாக அழுகிய படலம், ஓரத்தில் சீழ். சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் சிவந்து, தொட்டால் சுட்டது. சிவப்பு கெண்டைக்கால் நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. உடம்பில் 100.6 டிகிரி காய்ச்சல். கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலே சுற்றளவு எடுத்தேன்: இடது கால் 31, வலது கால் 26. பாதத்தின் மேலும் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி நன்றாகவே துடித்தது. பாதம் சூடாக இருந்தது, உணர்ச்சியும் இருந்தது.

நாடியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கால் புண் எல்லாம் ஒன்றல்ல. சிரை வழியாக மேலே ஏற வேண்டிய ரத்தம் தேங்குவதால் வரும் புண் வேறு, தமனி அடைத்து ரத்தமே இறங்காததால் வரும் புண் வேறு, சர்க்கரையால் உணர்ச்சி மரத்து வரும் புண் வேறு. கடைசி இரண்டும் பல நேரம் சேர்ந்தே வரும். ரத்தம் போய்ச் சேராத காலிலிருந்து இன்னும் கொஞ்சம் ரத்தத்தை உறிஞ்ச வைப்பது காலைக் கொல்வதற்குச் சமம். பாதத்தில் விரல் வைத்துப் பார்க்காமல் அட்டை ஜாடியைத் தொடக் கூடாது என்று மாணவியாக இருந்தபோது கேட்ட பாடம் இன்றும் அப்படியே நிற்கிறது.

இவருக்கு நாடி இருந்தது. ஆனால் தொற்றும் இருந்தது, பரவிக்கொண்டும் இருந்தது.

முதல் முடிவு: அன்று அட்டை இல்லை

“அண்ணே, இன்னைக்கு அட்டை விட முடியாது. காலுக்குள்ள கிருமி ஏறிக்கிட்டு இருக்கு. முதல்ல அரசு மருத்துவமனைக்குப் போங்க” என்றேன். அவருக்கு ஏமாற்றம். அவர் மனைவிக்கு அதைவிட அதிகம். “அதுக்குத்தானம்மா அட்டை? கிருமியும் ரத்தத்தோட போயிராதா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை என்னிடம் நூறு பேராவது கேட்டிருப்பார்கள். ‘கெட்ட ரத்தம்’ என்ற சொல்லுக்குள் நம் ஊரில் எல்லாம் அடங்கும்: தேங்கிய ரத்தம், கறுத்த ரத்தம், கிருமி, சீழ், அரிப்பு. அட்டை அதில் தேங்கிய ரத்தத்தைக் கொஞ்சம் எடுக்கும். திசுவுக்குள் பரவும் கிருமியை எடுக்காது. உறிஞ்சுகிற அந்தச் சில மில்லி ரத்தத்தோடு தொற்று வெளியேறிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. அக்காவிடம் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னேனா என்பது சந்தேகம். “முதல்ல காய்ச்சல் இறங்கட்டும்க்கா, அப்புறம் பார்க்கலாம்” என்று சொன்னதாகத்தான் நினைவு. அந்த ‘அப்புறம் பார்க்கலாம்’, அட்டை விடுவதாக நான் கொடுத்த வாக்காகிவிட்டது.

அவர் 5 நாள் மருத்துவமனையில் இருந்தார். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சீழை அனுப்பியதில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா என்று வந்தது. அறுவை மருத்துவர் கிளாக்சாசிலின் என்ற எதிருயிரி மருந்து (ஆன்டிபயாடிக்) கொடுத்து, அழுகிய படலத்தைச் சுரண்டி எடுத்தார். சர்க்கரை இல்லை. ஹீமோகுளோபின் 12.4. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் பரிசோதனையில் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இல்லை, தொடை இடுக்கில் சிரையின் வால்வு பழுதாகி ரத்தம் கீழ்நோக்கித் திரும்புகிறது என்று தெரிந்தது. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தோடு ஒப்பிடும் எண் 1.04. அதாவது தமனி நன்றாக இருக்கிறது, இறுக்குக் கட்டுப் போடத் தடையில்லை.

மருத்துவமனையிலேயே இறுக்குக் கட்டும் போட்டுவிட்டார்கள். பங்குனி வெயில். இரண்டாம் நாளே அரிக்கிறது, நனைகிறது, நாறுகிறது என்று அவரே அவிழ்த்துப் போட்டுவிட்டார்.

அட்டை என்ன செய்யும்

12-ம் நாள் திரும்பி வந்தார். காய்ச்சல் இல்லை, சிவப்பு வடிந்துவிட்டது, சீழ் இல்லை. ஆனால் புண்ணைச் சுற்றி நாவல் பழ நிறத்தில் தோல் விம்மி நின்றது. நான் அட்டை பற்றி யோசித்தது அப்போதுதான்.

சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை. கட்டு, பற்று, ஒற்றடம் என்று தொடங்கும் அந்த வரிசையில் அட்டை விடலும் உண்டு. குருதி வாங்கல், கொம்பு கட்டல், கீறல் ஆகியவையும் அதே வரிசையில் வருகின்றன. வடக்கே பண்டைய ஆயுர்வேத அறுவை மருத்துவர் சுசுருதர் அட்டைகளை 12 வகையாகப் பிரித்தார்: 6 நஞ்சுள்ளவை, 6 நஞ்சில்லாதவை. அழுகிய மீனும் தவளையும் கிடக்கும் கலங்கல் நீரில் பிறப்பவை ஆகாது, தாமரை பூக்கும் தெளிந்த நீரில் இருப்பவை ஆகும் என்பது அவர் கணக்கு. பழைய கதை என்று அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். பின்னால் அது எனக்கு உறைத்தது.

அட்டைக்கு மூன்று தாடை. கடித்த இடத்தில் மூன்று கோடுகள் நடுவில் சந்திக்கிற மாதிரி ஒரு தடம் விழும். ரத்தம் உறையாமல் இருக்க அது உமிழ்நீரில் ஒரு பொருளை விடுகிறது என்று 1884-இல் ஹேக்ராஃப்ட் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். பிறகு அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. இன்று இதய ரத்தக்குழாய் அடைப்பை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியின்போது பயன்படும் பிவாலிருடின் என்ற மருந்து அந்த ஹிருடினைப் பார்த்துச் செய்யப்பட்டதுதான். ஒரு அட்டை குடிப்பது 5 முதல் 15 மில்லி. அது விழுந்த பிறகு கடிவாயிலிருந்து பல மணி நேரம் கசியும் ரத்தம்தான் உண்மையில் அதிகம். தேக்கத்தைக் குறைப்பதும் பெரும்பாலும் அந்தக் கசிவுதான்.

அலோபதியிலும் அட்டைக்கு இடம் உண்டு. 1985-இல் பாஸ்டனில் நாய் கடித்துத் துண்டான 5 வயதுச் சிறுவனின் காதை ஜோசப் அப்டன் என்ற அறுவை மருத்துவர் திரும்ப ஒட்டினார். தமனி இணைந்துவிட்டது. சிரை வழியாக ரத்தம் திரும்பவில்லை. காது கறுக்கத் தொடங்கியதும் அட்டை விட்டுக் காப்பாற்றினார். 2004-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மருத்துவ அட்டைக்கு அனுமதி கொடுத்ததும் இந்த மாதிரித் தேக்கத்துக்காகத்தான். பத்திரிகைகளில் ‘புண்ணை ஆற்றும் அட்டை’ என்று படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காதில் தொற்று இல்லை, தேக்கம் இருந்தது.

தீமையும் உண்டு. குடித்த ரத்தத்தைச் செரிக்க அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அட்டைக்கு அது துணை. மனிதத் தசைக்குள் போனால் தொற்று. பண்ணையில் வளர்ந்த சுத்தமான அட்டைக்குள்ளும் அது இருக்கும். அதனால்தான் நுண் அறுவை செய்யும் இடங்களில் அட்டை விடும் நாள்களில் கூடவே எதிருயிரி மருந்தும் கொடுக்கிறார்கள்.

இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் என்ன செய்தேன் என்பது பின்னால் வருகிறது.

இரண்டாம் முடிவு: பல காரணங்கள், ஒரு கேள்வி

அட்டை விடலாம் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணங்கள் இருந்தன. தொற்று அடங்கியிருந்தது. தமனி ஓட்டம் நன்றாக இருந்தது. ரத்தச் சோகை இல்லை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எதுவும் அவர் சாப்பிடவில்லை, மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் இல்லை என்று சோதனை வந்திருந்தது. இறுக்குக் கட்டை அவர் ஏற்கவில்லை. சிரை அறுவைக்குப் பயந்தார். இவ்வளவும் வழக்கேட்டில் எழுதியிருக்கிறேன். எழுதாத இன்னொரு காரணமும் உண்டு: அவர் நம்பி வந்தது அதற்குத்தான். அதையும் மறுத்தால் திரும்பக் காப்பித்தூளுக்குப் போய்விடுவார் என்று பயந்தேன்.

அறுவை மருத்துவரிடம் போனில் கேட்டேன். அவர் சொன்னது இது: “வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா கட்டு கட்டாம அட்டை மட்டும் விட்டா, இறைக்கிற வரைக்கும் கிணத்துல தண்ணி குறையும், அவ்வளவுதானே?” நான் சிரித்துவிட்டு, “பார்த்துச் செய்றேன் சார்” என்றேன். எதிருயிரி மருந்து முன்கூட்டியே கொடுக்கலாமா என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்கு முன் நான் அட்டை விட்டவர்கள் யாருக்கும் தொற்று வந்ததில்லை என்ற தைரியம்.

மூன்று அமர்வுகள்

16-ம் நாள் முதல் அமர்வு. இடது காலை முந்தின இரவிலிருந்தே சோப்போ எண்ணெயோ ஸ்பிரிட்டோ படாமல் வெந்நீரில் மட்டும் கழுவச் சொல்லியிருந்தேன். வாசனை இருந்தால் அட்டை கடிக்காது, சுற்றிச் சுற்றி நகரும். அட்டைகளை மஞ்சள் கலந்த நீரில் சிறிது நேரம் விட்டு, பிறகு நல்ல நீரில் மாற்றினோம். புண்ணுக்குள் விடுவதில்லை. புண் ஓரத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி, விம்மிய தோலில் மூன்று அட்டைகள். ஒன்று கடிக்க மறுத்தது. ஊசியால் லேசாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வரவழைத்ததும் பிடித்துக்கொண்டது.

“எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குனு இருந்துச்சு, இப்ப ஒண்ணும் தெரியல” என்றார். ஈரத்துணியால் மூடி வைத்தோம். 40 நிமிடத்தில் ஒன்று விழுந்தது, 55 நிமிடத்தில் மற்றவை. கடிவாயில் படிகாரமும் மஞ்சளும் வைத்துக் கனமாகப் பஞ்சுக் கட்டுப் போட்டேன். இரவு 9 மணி வரை கசிந்ததாக மறுநாள் சொன்னார். குடித்த அட்டைகளை மஞ்சள் தூவிக் கக்க வைத்து மறுபடி பயன்படுத்தும் வழக்கம் முன்பு இருந்தது. நாங்கள் அதை எப்போதோ விட்டுவிட்டோம். ஸ்பிரிட்டில் போட்டுக் கொன்று, மருத்துவக் கழிவோடு அனுப்பிவிடுவோம். ஓர் உயிர் என்று உதவியாளருக்கு இன்றும் மனம் சங்கடப்படும். அதற்கும் மேலே நோயாளியின் உயிர்.

அட்டை விட்ட நாளிலும் மறுநாளும் நடக்கக் கூடாது, மற்ற நாளிலும் இரண்டு தலையணை மேல் காலைத் தூக்கி வைத்தே இருக்க வேண்டும், அதுவரை கடை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மச்சினன் கொஞ்சம் பணம் கொடுத்து உதவியதால் அவரும் வீட்டிலேயே இருந்தார். புண்ணைத் தினமும் திரிபலா கஷாயத்தில் கழுவி மத்தன் தைலம் போட்டோம். ஊமத்தை இலைச் சாற்றில் காய்ச்சும் அந்தப் பச்சைத் தைலத்தைப் புண்ணுக்குப் போடுவது இந்தப் பக்கத்தில் பழக்கமானது. உள்ளுக்குப் பறங்கிப்பட்டைச் சூரணம்.

23-ம் நாள் இரண்டாம் அமர்வு. சுற்றளவு 31-லிருந்து 29-க்கு இறங்கியிருந்தது. புண் 5.2க்கு 3.8. அடியில் சிவந்த புதுத் தசை தெரிந்தது. கறுப்பு வெளுத்து, தோலில் சுருக்கம் விழுந்திருந்தது. வீக்கம் வடிந்தால்தான் சுருக்கம் விழும். எனக்குச் சந்தோஷம். அவருக்கோ என்னைவிட. தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

30-ம் நாள் மூன்றாம் அமர்வு. சுற்றளவு 28.5, புண் 4.5க்கு 3.4, ஹீமோகுளோபின் 11.3. இந்த அமர்வில் இரண்டு விஷயம் நடந்தது.

வழக்கமாக வளர்த்துக் கொடுப்பவரிடமிருந்து அட்டை வரவில்லை. கோடையில் தட்டுப்பாடு. உதவியாளர் தன் ஊர்க் குளத்தில், எருமை இறங்கும் துறையில், நாலைந்து அட்டை பிடித்து வந்திருந்தார். புதிதாகப் பிடித்த அட்டையைக் குறைந்தது சில வாரம் தனி ஜாடியில், தண்ணீர் மாற்றி மாற்றி, பட்டினி போட்டு வைக்க வேண்டும். இவை வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மூன்றில் ஒன்றை அதிலிருந்து எடுத்தேன்.

அந்தக் குளத்து அட்டை ஒன்றரை மணி நேரமாகியும் விடவில்லை. எனக்கு வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். “மஞ்சள் போட்டு எடுத்துருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். உதவியாளர் மஞ்சளோடு கொஞ்சம் உப்பும் சேர்த்து வாயருகே தூவினார். அட்டை சுருண்டு உடனே விட்டது. அப்படித் துன்புறுத்தி எடுக்கும்போது, வாய் இன்னும் காயத்தில் இருக்கையிலேயே, அது வயிற்றில் உள்ளதைக் கக்கக்கூடும். வயிற்றில் இருப்பது என்ன என்று மேலே எழுதியிருக்கிறேன்.

34-ம் நாள்

32-ம் நாள் மாலையே அந்தக் கடிவாய் வலித்திருக்கிறது. அரிப்பும் சிறு வீக்கமும் அட்டை கடித்த இடத்தில் எல்லாருக்கும் வரும், பயப்பட வேண்டாம் என்று நானே முதல் அமர்வில் சொல்லியிருந்தேன். எது சாதாரணம், எது இல்லை என்று பிரித்துச் சொல்லவில்லை. அவர் வீட்டில் மிச்சமிருந்த அமாக்சிசிலின் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஏரோமோனாஸ் பெரும்பாலும் அந்த வகை மருந்துக்கு அடங்காது. இரண்டு நாள் வீணானது.

34-ம் நாள் காலை ஆட்டோவில் வந்தார். 102 டிகிரி. கடிவாயைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு, நடுவில் கறுத்த புள்ளி, அழுத்தினால் கலங்கிய நீர். புண்ணின் அந்தப் பக்க ஓரமும் கருகியிருந்தது. அக்கா என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

இங்கே ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். கஷாயம், கட்டு என்று இழுக்காமல், அந்த ஆட்டோவிலேயே அனுப்பிவிட்டு அறுவை மருத்துவருக்குப் போன் செய்தேன். நான்கு நாளுக்கு முன் அட்டை விட்டது, அது குளத்து அட்டை, உப்புப் போட்டு எடுத்தது, இரண்டு நாள் அமாக்சிசிலின் சாப்பிட்டது, எதையும் மறைக்காமல் சொன்னேன். “சரி, அப்ப ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்” என்று சொல்லி, அன்றே சிப்ரோஃப்ளாக்சசின் தொடங்கினார். கடிவாயைக் கீறிச் சீழை வடித்தார். மூன்றாம் நாள் கல்ச்சர் வந்தது: ஏரோமோனாஸ். நல்லவேளை, சிப்ரோவுக்குக் கட்டுப்படும் வகை. சிப்ரோவுக்கும் கட்டுப்படாத வகைகள் வந்துகொண்டிருப்பதால் கல்ச்சர் அனுப்புவதை விடக் கூடாது என்றும் சொன்னார்.

நான் அட்டை என்று சொல்லாமல் இருந்திருந்தால் முதலில் என்ன மருந்து போயிருக்கும்? முன்பு வளர்ந்தது ஸ்டெஃப். அதற்கான கிளாக்சாசிலினையே யாரும் தொடங்கியிருப்பார்கள்.

7 நாள் மருத்துவமனை. 41-ம் நாள் வீடு திரும்பியபோது புண் மறுபடி 6 செ.மீ.க்கு 4 செ.மீ., அதோடு கடிவாய் இருந்த இடத்தில் ஒன்றரை செ.மீ. பள்ளம் ஒன்று. ஏறக்குறைய தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றோம்.

கட்டும் நாற்காலியும்

அவர் என்னிடமே திரும்பி வந்தது எனக்கு ஆச்சரியம். “அட்டை வேண்டாம், மத்ததைச் சொல்லுங்க” என்றார். மற்றது என்பது அறுவை மருத்துவர் முதலிலேயே சொன்ன இறுக்குக் கட்டுதான்.

இந்த முறை அதை அவர் மேல் திணிக்கவில்லை. ஏன் அவிழ்த்தார் என்று கேட்டோம். நனைவது, அனல், அரிப்பு. நனைவதற்குப் புண் மேல் வைக்கும் பஞ்சைக் கனமாக்கினோம். அரிப்புக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணி. கட்டுப் போட அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தோம்: விரல் அடியிலிருந்து தொடங்கி, குதிகாலை மூடி, பாதி மேல் பாதி படிய முழங்காலுக்குக் கீழ் வரை, கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும். விரல் நுனி நீலமானாலோ மரத்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும். நாலு நாளில் அவர் கை என் கையைவிட நன்றாகப் படிந்தது. முறுக்குப் பிழிகிற கை.

அனலுக்கு வழி சொன்னது கடை முதலாளி. கல்லுக்கு இன்னொரு ஆளைப் போட்டுவிட்டு, இவரைக் கல்லாவில் உட்கார வைத்தார். மேசைக்கு அடியில் காலை நீட்டி வைக்க ஒரு காலி எண்ணெய் டின். அதன் விளிம்பு உரசித்தான் புண் வந்தது என்பதால், சாக்கு சுற்றி வைக்கச் சொன்னேன்.

கட்டுப் போட்ட முதல் 10 நாளில் சுற்றளவு 30-லிருந்து 27.5. 60-ம் நாள் புண் 4.4க்கு 3. 90-ம் நாள் 2.5க்கு 1.6. 138-ம் நாள் மூடியது. அதற்கப்புறம் ஐந்து மாதம் தயங்கிவிட்டுச் சிரை அறுவையும் செய்துகொண்டார். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது தோல் கறுப்பு அப்படியே இருந்தது, புண் இல்லை. இறுக்குக் காலுறை போட்டிருந்தார், கொஞ்சம் தளர்ந்துபோனது. மாற்றச் சொன்னேன்.

கணக்குப் பார்த்தபோது

அட்டை விட்ட இரண்டு வாரத்தில் வீக்கம் 2.5 செ.மீ. குறைந்தது. அன்று எழுதிய வழக்கேட்டில் ‘அட்டை விடலால் நல்ல முன்னேற்றம்’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. இப்போது அந்த வரியை அப்படி எழுத மாட்டேன்.

அதே இரண்டு வாரம் அவர் வாழ்க்கையில் 28 வருடத்தில் முதல் முறையாக நிற்காமல் இருந்த இரண்டு வாரம். கால் தலையணை மேல். தொற்று அப்போதுதான் அடங்கியிருந்தது, அதனால் வடிய வேண்டிய வீக்கமும் இருந்தது. அழுகிய படலத்தை அறுவை மருத்துவர் ஏற்கெனவே சுரண்டி எடுத்திருந்தார். தினமும் புண் கழுவப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் அட்டைகளின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க என்னிடம் வழியில்லை. கடிவாயைச் சுற்றித் தோல் மறுநாளே வெளுத்ததைக் கண்ணால் பார்த்தேன், ஆகவே ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பின்னால் கட்டு மட்டும் போட்டபோது, அதுவும் அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அதே அளவு வீக்கம் 10 நாளில் வடிந்தது.

தொற்று எதனால் வந்தது என்பதிலும் அதே சிக்கல். குளத்து அட்டையா, உப்பா, அல்லது பண்ணை அட்டையே விட்டிருந்தாலும் வந்திருக்குமா? மூன்றில் எதையும் ஒதுக்க முடியாது. மூன்றுக்கும் பொதுவானது, முன்கூட்டி மருந்து கேட்காமல் விட்டதும், அவசரப்பட்டு எழுந்து போனதும். அவை இரண்டும் என்னுடையவை.

இப்போது மாற்றிக்கொண்டவை

தொற்றுள்ள புண்ணுக்கு அட்டை இல்லை. தொற்று அடங்கிய பிறகும், முதலில் மூன்று வாரம் இறுக்குக் கட்டும் ஓய்வும் முயன்று பார்த்து, அதற்கும் அசையாத தேக்கம் இருந்தால் மட்டுமே யோசிக்கிறேன். இப்படி வைத்த பிறகு கால் புண்ணுக்கு நான் அட்டை விடுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இது எனக்கு வருமானத்தில் நட்டம்தான், மறைப்பானேன்.

விட்டால், அறுவை மருத்துவரின் எழுத்து மூலமான கருத்தும், அவர் தீர்மானிக்கும் எதிருயிரி மருந்தும் கையில் வந்த பிறகுதான். குளத்து அட்டை வாசலுக்குள் வருவதில்லை. கலங்கல் நீர் அட்டை ஆகாது என்ற பழைய வரியை இப்போது ஜாடிகள் இருக்கும் அலமாரியில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அட்டை தானாக விழும் வரை யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். விடவே இல்லையென்றால் உப்பு, மஞ்சள், நெருப்பு எதுவும் கிடையாது. மெல்லிய தலைப் பக்கத்தில், வாய் ஒட்டியிருக்கும் ஓரத்தில், நகத்தை மெதுவாக வழித்து விடுவிப்பதோடு சரி.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுக்கிறேன். கடிவாய் அரிக்கலாம், சிறிது வீங்கலாம். வலி கூடினால், சூடு ஏறினால், நாற்றமோ காய்ச்சலோ வந்தால், ஒரு நாள் முழுக்க ரத்தம் நிற்காவிட்டால் உடனே வர வேண்டும். வீட்டிலிருக்கும் எந்த மாத்திரையையும் போடக் கூடாது. எந்த மருத்துவரிடம் போனாலும் ‘அட்டை விட்டது’ என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறேன்.

போன மாதம் அவர் கல்லாவிலிருந்து போன் செய்தார். கடைக்குப் பக்கத்தில் பூ விற்கிற பெரியவருக்குக் கால் விரலில் புண்ணாம், சர்க்கரையும் உண்டாம். “அட்டை விடணும்னு ஒத்தக் கால்ல நிக்காரு டாக்டரம்மா. நான் என் கதையைச் சொன்னேன், கேக்க மாட்டேங்காரு. கூட்டிட்டு வரட்டா?” வரச் சொன்னேன். பெருவிரல் நுனி கறுத்திருந்தது, பாதம் சில்லென்று இருந்தது. இரண்டு இடத்திலும் விரல் வைத்துப் பார்த்தேன், நாடி கிடைக்கவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்து, அடுத்த பஸ்ஸிலேயே மாஸ்டரைத் துணைக்குப் போட்டு மருத்துவமனைக்கு அனுப்பினேன்.